காணியும் கடதாசியும்: ஒரு வளவு யாருக்குச் சொந்தம்?

எங்கள் பெரியம்மாவிடம் ஒரு பை இருக்கிறது. பழைய பிஸ்கட் தகரத்துக்குள், பொலித்தீன் சுற்றி வைத்தது. வெள்ளம் வரும் என்று வானொலியில் சொன்னால் அரிசிக்கும் உடுப்புக்கும் முன்னால் அதுதான் வெளியே வரும். 1978 சூறாவளியில் கூரை போன இரவிலும் கடதாசிகளைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு இருந்தாராம். எடுக்க நேரமில்லாமல் போனது ஒரே ஒரு தடவை, 2004 டிசம்பர் 26 காலை, சுனாமியில், மட்டக்களப்புக் கல்லடியில். இப்போது இருக்கும் பை அதற்குப் பிறகு ஒவ்வொரு கந்தோராக ஏறி இறங்கிச் சேர்த்தது.

போன மாதம் அதை என் முன்னால் கொட்டிவிட்டு, "இதெல்லாம் உறுதிதானே மகன்? பிள்ளைகளுக்குப் பிரச்சினை வராதுதானே?" என்று கேட்டார். பார்த்தேன். கல்லடி வளவின் உறுதி, அதாவது காணியை எழுதிக் கொடுத்த பத்திரம், அதன் பிரதி ஒன்று. படுவான்கரையில் இருக்கும் வயலுக்கு ஒரு பெர்மிட். சோலைவரி (வீடு வளவுக்குக் கட்டும் உள்ளூராட்சி வரி) ரசீதுகள், மின்சாரப் பட்டியல்கள், பழைய நில அளவை வரைபடம் ஒன்று, பெரியப்பாவின் மரணச் சான்றிதழ். எல்லாம் கவனமாக மடித்தவை. ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு கதை சொல்லும் கடதாசி. எது காணியைச் சொந்தமாக்குகிறது, எது ஆக்குவதில்லை என்று பெரியம்மாவுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். நான் சட்டத்தரணி இல்லை. காணிக் கடதாசிகளோடு அலைந்த குடும்பத்தில் பிறந்தவன், அவ்வளவுதான்.

சொந்தம் என்பது ஒரு பொருள் இல்லை, பல உரிமைகள் சேர்ந்தது

ஒரு காணி உங்களுடையது என்றால் நான்கு காரியங்களுக்கு உங்களுக்கு உரிமை உண்டு. அதில் இருக்கலாம், அதன் விளைவை எடுக்கலாம், மற்றவரை உள்ளே வரவேண்டாம் என்று சொல்லலாம், விற்கவோ கொடுக்கவோ செய்யலாம். நான்கும் ஒருவர் கையிலேயே இருக்க வேண்டும் என்றில்லை. போடியாரின் (பெரிய வயல்காரரின்) வயலைக் குத்தகைக்குச் செய்பவருக்கு விளைவில் உரிமை உண்டு, விற்க உரிமை இல்லை. வீட்டை வங்கிக்கு ஈடு வைத்தவர் அதே வீட்டில்தான் இருப்பார். ஆனால் கடன் தீரும்வரை அந்தக் காணியின் மேல் வங்கியின் பிடி இருக்கும்.

எங்கள் பக்கத்தில் அடிக்கடி காணும் இன்னொன்று சீவிய உரித்து. மகளுக்கு வீட்டை எழுதிக் கொடுக்கும்போது, தாய் தகப்பன் தங்கள் உயிருள்ளவரை அதில் இருந்து அனுபவிக்கும் உரிமையைத் தங்களிடமே வைத்துக்கொண்டு எழுதுவார்கள். காணி மகளுடையது, அனுபவம் பெற்றோருடையது. நல்ல ஏற்பாடு. அதை எழுதாமல் முழுவதையும் கொடுத்துவிட்டு, பிறகு மருமகனோடு மனம் முறிந்து சொந்த வீட்டிலேயே விருந்தாளியாக இருக்கும் முதியவர்களை நான் பார்த்திருக்கிறேன். நன்கொடை உறுதியைப் பாரிய நன்றிகேடு என்ற காரணத்தில் ரத்துச் செய்ய நீதிமன்றத்தைக் கேட்க முடியும்தான். ஆனால் எழுபது வயதில் பெற்ற பிள்ளைக்கு எதிராக வழக்குப் போட யாருக்கு மனம் வரும்?

கட்டடம் நிலத்தோடு சேர்ந்தது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அக்காவின் வளவில் தம்பி கட்டார் காசில் மாடி வீடு கட்டினால், அந்த வீடு சட்டப்படி அக்காவின் காணியோடுதான் சேரும். செலவழித்த காசுக்கு நட்டஈடு கேட்கலாம், வீட்டுக்குச் சொந்தக்காரர் ஆக முடியாது. கல் அரியும் முன் உறுதி எழுதுங்கள்.

முதல் கேள்வி: உறுதிக் காணியா, பெர்மிட் காணியா?

வேறு எதையும் பார்க்கும் முன் இதைப் பார்க்க வேண்டும். இலங்கையில் நிலத்தின் பெரும்பகுதி அரசுடையது. கடற்கரையோரம் பழைய ஊர்களில், கல்லடி, காத்தான்குடி, களுவாஞ்சிகுடி, கல்முனை, காரைதீவு என்று போகும் அந்த நீண்ட பட்டையில், தலைமுறையாகக் கைமாறி வந்த தனியார் காணிகள் அதிகம். அவற்றுக்கு உறுதி இருக்கும். வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரையிலும், 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தால் குடியேற்றங்கள் எழுந்த அம்பாறைப் பக்கத்திலும் அரசு பகிர்ந்து கொடுத்த காணிகள் நிறைய. அவற்றுக்கு இருப்பது பெர்மிட், அதாவது அனுமதிப்பத்திரம். அல்லது அதற்கு அடுத்த படியான அளிப்புப் பத்திரம். ஜயபூமி, சுவர்ணபூமி என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், அவை அளிப்புகள்.

இவற்றில் பெரும்பாலானவை 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்தவை. எல்.டி.ஓ. காணி என்று கந்தோர்களில் சொல்வது இதைத்தான். நிலமில்லாத விவசாயிக்குக் கொடுத்த காணி பணக்காரர் கைக்குப் போய்விடக் கூடாது, துண்டு துண்டாகச் சிதறிவிடக் கூடாது என்பது அந்தச் சட்டத்தின் எண்ணம். அதனால்தான் இத்தனை கட்டுப்பாடு. பெர்மிட் காணியை விற்க முடியாது. அளிப்புக் காணியைக் கைமாற்றுவதானால் பிரதேச செயலாளரின் எழுத்து மூல அனுமதி முன்கூட்டியே வேண்டும். அனுமதி இல்லாமல் எழுதிய உறுதி செல்லாது.

ஆனால் ஊரில் என்ன நடக்கிறது? வெள்ளைத் தாளில் எழுதி, முத்திரை ஒட்டி, இரண்டு பேர் கையெழுத்து வைத்து, பெர்மிட்டையும் கையில் கொடுத்து "விற்றுவிடுகிறார்கள்". வாங்கியவர் கிணறு வெட்டி, தென்னை வைத்து, இருபது வருடம் இருப்பார். ஒருநாள் பெர்மிட்காரரின் மகன் வந்து நிற்பான். பெர்மிட்டில் இருக்கும் பெயர் அவன் தகப்பனுடையது. காசு கொடுத்தவருக்கு அந்தக் காணியில் சட்டத்தின் முன் காட்ட ஒன்றுமில்லை. மலிவாகக் கிடைக்கிறது என்று பெர்மிட் காணி வாங்கப் புறப்படும் ஒவ்வொருவரையும் கையைப் பிடித்து நிறுத்தவேண்டும் போல் இருக்கிறது எனக்கு.

பெர்மிட்டில் இன்னொரு விஷயம், பின்னுரித்தாளர். உரித்துக்காரர் இறந்தால் அடுத்து யார் என்று பெயர் குறித்துப் பதிய வேண்டும். சாதாரண முதுசச் சட்டம் இந்தக் காணிகளுக்குப் பொருந்தாது. பெயர் குறிக்காமல் இறந்தால் கட்டளைச் சட்டத்தின் அட்டவணைப்படிதான் போகும். அந்த அட்டவணை நெடுங்காலம் ஆண்பிள்ளைகளை முன்னால் வைத்திருந்தது. தாய்வழியில் வீடு போகும் எங்கள் ஊரில் இது எவ்வளவு பொருந்தாத சட்டம் என்று யோசித்துப் பாருங்கள். வயலில் கூட நின்று நாற்றுப் பிடுங்கிய மகள் பின்னுக்கு, ஊரைவிட்டுப் போன மகன் முன்னுக்கு. 2022ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் அந்த ஆண் பெண் வேறுபாட்டை நீக்கியது. நீக்க 87 வருடம் எடுத்திருக்கிறது.

உறுதி எப்படி உறுதியாகிறது

தனியார் காணிக்கு வருவோம். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அது சொல்வது இதுதான்: காணியை விற்பது, கொடுப்பது, ஈடு வைப்பது எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும், எழுதிக் கொடுப்பவர் நொத்தாரிசுக்கும் (உறுதி எழுத அனுமதி பெற்றவர்) குறைந்தது இரண்டு சாட்சிகளுக்கும் முன்னால் கையெழுத்திட வேண்டும், எல்லோரும் ஒரே நேரத்தில் அங்கே இருக்க வேண்டும். வாய்ப்பேச்சில் காணி கைமாறாது. கோயிலில் சத்தியம் செய்தாலும் மாறாது. "முதல்ல கல்யாணம் முடியட்டும், மறுகா எழுதுவம்" என்று சொன்ன சீதனம், எழுதும்வரை சீதனம் இல்லை.

நொத்தாரிசு ஒரு உறுதியை மூன்று பிரதியாக எழுதுவார். மூலம் உங்களுக்கு. ஒன்று நொத்தாரிசின் கோவையில் இருக்கும். மற்றது காணிப் பதிவாளருக்குப் போகும். சுனாமிக்குப் பிறகு பெரியம்மாவைக் காப்பாற்றியது இந்த மூன்றாவது கடதாசிதான். உறுதி கடலோடு போனதால் காணியே போய்விட்டது என்று அந்த நாட்களில் எத்தனை பேர் அழுதார்கள்! உறுதி காணிக்குச் சாட்சி மட்டுமே. சாட்சி தொலைந்தால் உரிமை தொலையாது. பதிவகத்தில் இருக்கும் பிரதியிலிருந்து அத்தாட்சிப்படுத்திய பிரதி எடுக்கலாம். உறுதியின் இலக்கமும் திகதியும் நொத்தாரிசின் பெயரும் தெரிந்தால் வேலை சுலபம். பெரியம்மாவுக்கு இலக்கம் நினைவில்லை. பக்கத்து வளவுக்காரரின் உறுதியில் எல்லை சொல்லும் இடத்தில் பெரியப்பாவின் பெயர் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு போய்த்தான் தேடினோம். இன்றைக்கே உங்கள் உறுதியின் முதல் பக்கத்தைத் தொலைபேசியில் படம் எடுத்து, ஊருக்கு வெளியே இருக்கும் ஒருவருக்கு அனுப்பி வையுங்கள்.

அடுத்தது பதிவு. நொத்தாரிசு பதிவாளருக்குப் பிரதி அனுப்புவதும், உறுதி காணிப் பேரேட்டில் பதியப்படுவதும் ஒன்றல்ல. பலர் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள். 1927ஆம் ஆண்டின் 23ஆம் இலக்க ஆவணங்கள் பதிவுக் கட்டளைச் சட்டம் முந்திப் பதிந்தவருக்கு முன்னுரிமை தருகிறது. ஒருவர் தன் காணியை ஜனவரியில் உங்களுக்கு விற்கிறார், நீங்கள் பதியவில்லை. அதே காணியை மார்ச்சில் இன்னொருவருக்கு விற்கிறார், விஷயம் தெரியாத அவர் காசு கொடுத்து வாங்கி உடனே பதிகிறார். சண்டை வந்தால் அவர் பக்கம்தான் பலம். அவர் கள்ளக் கூட்டுச் சேர்ந்து எழுதியிருந்தால் மட்டும் கதை வேறு.

அதே நேரம், பதிவு ஒரு தூய்மைச் சான்றிதழும் இல்லை. சொந்தமில்லாத காணியை ஒருவர் எழுதிக் கொடுத்தால், அதைப் பத்துத் தடவை பதிந்தாலும் உரிமை வராது. பதிவாளர் கடதாசியைப் பதிகிறார், அதற்குள் இருக்கும் உரிமையைச் சோதித்து உறுதிப்படுத்துவதில்லை. அதனால்தான் வாங்கும் முன் பதிவகத்தில் தேடல் செய்ய வேண்டியிருக்கிறது: குறைந்தது 30 வருடம் பின்னால் போய், யாரிடமிருந்து யாருக்கு வந்தது, இடையில் ஈடு இருக்கிறதா, வழக்கு இருக்கிறதா என்று பார்ப்பது வழக்கம். 1998ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்த பிம்சவிய திட்டம் இதை மாற்றப் பார்க்கிறது. அதில் அரசே அளந்து, விசாரித்து, உரித்துச் சான்றிதழ் கொடுக்கும். அந்தச் சான்றிதழ் உரிமையையே பதிவு செய்கிறது. உங்கள் பகுதிக்கு அறிவித்தல் வந்தால் தவறவிடாமல் போய் உரிமை கோருங்கள்.

வரைபடத்தையும் உறுதியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு ஏக்கருக்கு 4 ரூட், 160 பேர்ச். பழைய உறுதிகளில் "கிழக்கே இன்னார் வளவு, வடக்கே ஒழுங்கை" என்று மட்டும் இருக்கும், அந்த இன்னார் இறந்து ஐம்பது வருடமாகியிருக்கும். சேர்வையரைக் கொண்டு அளந்து புதிய வரைபடம் எடுக்கும் செலவு, வேலிச் சண்டைக்கு ஆகும் செலவில் கால்வாசி கூட வராது. இந்தியத் தமிழ் வீடியோக்களில் வரும் பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று எல்லாம் அங்குள்ள முறை. இங்கே கேட்டால் கந்தோரில் யாருக்கும் விளங்காது.

சோலைவரி கட்டுகிறேன், அது போதாதா?

போதாது. சோலைவரி ரசீது, மின்சாரப் பட்டியல், வாக்காளர் இடாப்பு, கிராம உத்தியோகத்தரின் கடிதம் எல்லாம் நீங்கள் அங்கே இருந்தீர்கள் என்பதைக் காட்டும். சொந்தம் என்பதைக் காட்டாது. ஆனாலும் எறிந்துவிட வேண்டாம், ஆட்சியுரிமை வழக்கில் அவைதான் பேசும்.

ஆட்சியுரிமை என்பது 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் தருவது. ஒருவர் இன்னொருவரின் காணியை, அவருடைய உரிமையை ஏற்காமல், தன் காணியாகவே, தடையில்லாமல் 10 வருடம் ஆண்டால் நீதிமன்றத்தில் உரிமை கேட்கலாம். "பத்து வருசம் இருந்தா நம்ம காணிதான்" என்று ஊரில் சுருக்கிச் சொல்வது பாதி உண்மை. மற்றப் பாதி இது: வாடகைக்கோ, காவலுக்கோ, "அண்ணன் இருக்கச் சொன்னார்" என்றோ வந்தவருக்கு அனுமதியோடு இருந்த காலம் கணக்கில் வராது. கூட்டுச் சொந்தக்காரர் மற்றப் பங்காளிகளுக்கு எதிராகவும் சும்மா இருந்து உரிமை பெற முடியாது. அவர்களை வெளிப்படையாக மறுத்து ஒதுக்கியதற்குச் சான்று வேண்டும். அரசு காணிக்கு இந்தப் பத்து வருடக் கணக்கே இல்லை. அங்கே 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வெளியேறும் அறிவித்தல் வந்தால், செல்லுபடியான எழுத்து மூல அனுமதியைத்தான் காட்ட வேண்டும்.

எங்கள் மாவட்டங்களில் இந்தப் பத்து வருடம் ஒரு காயமும் கூட. 1990இல் ஊரைவிட்டு ஓடியவர்கள் திரும்பி வந்தபோது தங்கள் வளவில் வேறு குடும்பம் இருந்தது. தமிழருக்கும் நடந்தது, முஸ்லிம்களுக்கும் நடந்தது. துவக்குச் சத்தத்துக்கு நடுவில் யார் போய் வழக்குப் போடுவது? இதற்காகத்தான் 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க விசேட ஏற்பாடுகள் சட்டம் வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தில் ஆயுதக் குழுக்களின் செயல்களால் தங்கள் உரிமையைக் கேட்டு நீதிமன்றம் போக முடியாதிருந்தவர்களுக்கு எதிராக அந்தக் காலத்தை எண்ணக் கூடாது என்பது அதன் சாரம். வழக்குப் போட அது தந்த அவகாசமும் குறுகியது. இன்னும் தீராத பிரச்சினை உள்ளவர்கள் சட்டத்தரணியிடம் திகதிகளோடு போய்க் கேட்க வேண்டும்.

தாய் தகப்பன் இறந்தால்

யாழ்ப்பாணத்துத் தேசவழமை என்ற வழமைச் சட்டம் மட்டக்களப்புத் தமிழருக்குப் பொருந்தாது. இங்கே பழைய நாளில் முக்குவர் வழமை இருந்தது. முதுசச் சொத்து தாய்வழியில், சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும். அந்த வழமை சட்டத்திலிருந்து போய்விட்டது, ஆனால் மகளுக்கு வீடு கொடுத்துக் கட்டி வைக்கும் பழக்கம் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் இன்னும் உயிரோடு இருக்கிறது. மரண சாசனம் எழுதாமல் இறந்த தமிழரின் சொத்து இப்போது 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி போகும். பாதி உயிரோடிருக்கும் துணைக்கு, மற்றப் பாதி பிள்ளைகளுக்குச் சமமாக. முஸ்லிம்களுக்கு 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டத்தின்படி இஸ்லாமியப் பங்கு முறை.

பெரியம்மாவின் கணக்கையே பார்ப்போம். கல்லடி வளவு 40 பேர்ச், பெரியப்பா பெயரில் இருந்தது. அவர் இறந்த அன்றே 20 பேர்ச் பெரியம்மாவுக்கு, நான்கு பிள்ளைகளுக்கும் ஐந்து ஐந்து. "மூத்தவளுக்குத்தான் இந்த வீடு என்று அவர் சொல்லிவிட்டுப் போனார்" என்கிறார் பெரியம்மா. குடும்பம் முழுவதற்கும் அது தெரியும். சட்டத்துக்குத் தெரியாது. மூத்தவள் அந்த வீட்டில் இருபது வருடமாக இருக்கிறாள், கடதாசியில் அவளுக்கு எட்டில் ஒன்றுதான்.

அந்த எட்டில் ஒன்றும் வேலி போட்ட துண்டு இல்லை, பிரிபடாத பங்கு. முற்றத்து மாமரத்திலிருந்து பின்பக்கக் கிணறு வரை எல்லாவற்றிலும் எல்லோருக்கும் பங்கு. ஒருவர் தன் பங்கை மற்றவர்களைக் கேட்காமலே வெளியாளுக்கு விற்கலாம். கனடாவில் இருக்கும் தம்பிக்கு அவசரம் வந்தால் நாளைக்கு முகம் தெரியாத ஒருவர் பங்காளியாக வந்து நிற்பார். ஒத்துக்கொண்டால், அளந்து, எல்லோரும் கையெழுத்திட்டுப் பிரிவு உறுதி எழுதி முடிக்கலாம். ஒத்துக்கொள்ளாவிட்டால் 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் மாவட்ட நீதிமன்றத்தில் பிரிவிடல் வழக்கு. அது முடிய ஒரு தலைமுறை எடுத்த குடும்பங்கள் உண்டு.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. இலங்கைக் குடியுரிமையை விட்டவர்கள் இங்கே காணி வாங்குவதை 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் தடுக்கிறது. இரட்டைக் குடியுரிமை உள்ளவருக்கு அந்தத் தடை இல்லை, நெருங்கிய உறவினரிடமிருந்து முதுசமாகவோ நன்கொடையாகவோ வருவதற்கும் விலக்கு உண்டு. அற்றோர்ணித் தத்துவம் (தனக்காகக் கையெழுத்திட இன்னொருவருக்குக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்) கொடுத்தவர் இறந்தால் அந்தத் தத்துவமும் அவரோடு முடிந்துவிடும். அதற்குப் பிறகு அதைக் காட்டி யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள்.

கடனுக்கு அறுதி எழுதிக் கொடுப்பதையும் சொல்லாமல் விட மனமில்லை. வட்டிக்காரர் "காசு தந்ததும் திருப்பி எழுதித் தருவேன்" என்று வாயால் சொல்லி, விற்பனை உறுதியில் கையெழுத்து வாங்குவார். வேளாண்மை பொய்த்த வருடங்களில் எத்தனை வயல்கள் இப்படிப் போயின. கடன் என்றால் ஈட்டு உறுதி. நொத்தாரிசு வாசிக்கும்போது "விற்பனை" என்ற சொல் காதில் விழுந்தால் பேனாவை வைத்துவிட்டு எழுந்து வாருங்கள். உண்மையில் அது கடன்தான் என்று நீதிமன்றத்தில் நிறுவ வழி உண்டு, ஆனால் சுமை முழுவதும் கையெழுத்திட்டவர் தலையில்தான்.

அன்று பின்னேரம் பெரியம்மாவின் கடதாசிகளை மூன்று கட்டாக்கினோம். உறுதியும் வரைபடமும் ஒன்று, பெர்மிட் தனியாக ஒன்று, ரசீதுகள் ஒன்று. அடுத்த கிழமை பிரதேச செயலகத்துக்குப் போய் வயலுக்குப் பின்னுரித்தாளர் பெயர் கொடுத்தோம். இளைய மகளின் பெயர், வயலைச் செய்வது அவள்தான். வளவை மூத்தவளுக்கு எழுத மற்ற மூன்று பிள்ளைகளும் சம்மதித்துவிட்டார்கள். கனடாத் தம்பியின் கடதாசி வர வேண்டும், அதற்காகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். பெரியம்மா தனக்குச் சீவிய உரித்து வைத்துத்தான் எழுதுவார். அதை நான் சொல்லவில்லை, அவரே கேட்டார்.